பாலாற்றில் ஒரு பட்டைப் பாதை

போன வாரம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம். பாலாற்றங்கரையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பாதை போடப்போகிறார்களாம், ஜனங்கள் கருத்துச் சொல்லலாமாம். டீயும் சமோசாவும் உண்டு என்றார்கள், போனேன். இளவயது இன்ஜினீயர் ஒருவர் திரையில் படம் காட்டினார். இரண்டு பக்கமும் மரம், நடுவே செம்பழுப்பு நிறத்தில் பாதை. அந்த நிறத்தைப் பார்த்ததுமே எனக்கு மூக்கில் பட்டை வாடை ஏறிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போதெல்லாம் தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டையை ஊறவைத்துத்தான் தோலைப் பதனிடுவார்கள். சாறு இறங்கிய சக்கையை டிராக்டரில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டுவார்கள். புளித்த வாடை. காய்ந்துவிட்டால் அவ்வளவு மோசமில்லை, சொல்லப்போனால் எனக்குப் பிடிக்கும்.

ஷூ கம்பெனியில் நான் தையல் மெஷினில் உட்கார்ந்த புதிது. வீடு அக்கரையில். பாலம் சுற்றிப் போனால் கேட்டை மூடிவிடுவார்கள். என்னை வேலைக்கு அனுப்ப அப்பாவுக்கு அரை மனசு. வேலை போனால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் நானும் பக்கத்துத் தெரு மெர்சியும் ஆற்றில் இறங்கிக் குறுக்கே போவோம். ஆறு என்றதும் தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள், மணல்தான். அதில் நான் சைக்கிளை ஓட்டினேன் என்பதைவிடச் சுமந்தேன் என்பதே சரி. விழுந்து சோற்று டப்பா கவிழ்ந்த நாட்களில் மெர்சியின் சோற்றில் பங்கு.

இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்ன அன்று, நான் அழுதுகொண்டே திரும்பினேன். மெர்சி அழவில்லை. எதிரே சக்கை ஏற்றிவந்த டிராக்டரை மறித்தாள்.

"அண்ணே, எங்கியோ கொட்டப்போறீங்க. அத்த எங்க வழியில கொட்டுனா இன்னா?"

டிரைவர் சிரித்துவிட்டுக் கொட்டினார். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் எல்லாரும் மணல்மேல் பரப்பிக் கெட்டியாக மிதித்தோம். மறுநாள் காலை சைக்கிள் நிஜமாகவே ஓடியது, சங்கு ஊதுமுன் கேட்டுக்குள் இருந்தேன். அன்றைய சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை, என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். வெள்ளம் வந்தால் பாதை போய்விடும். வடிந்ததும் டிராக்டர் மறுபடி வரும்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி இக்கரைக்கு வந்துவிட்டேன், மெர்சி அங்கேயே இருக்கிறாள். மணலை லாரிகள் அள்ளிக்கொண்டு போயின. மணல் போன இடமெல்லாம் பள்ளமும் முள்ளும். கம்பெனிகள் பஸ் விட்டன, ஆற்றில் இறங்க யாருக்கும் அவசியமில்லாமல் போயிற்று.

கூட்டத்தில் கை தூக்கினேன். கரையோரம் சரி, அக்கரைக்குப் போக ஒரு வழி வருமா என்று கேட்டேன்.

"குறுக்க யாரும்மா போறாங்க இப்போ?" என்றார் இன்ஜினீயர், மரியாதையாகத்தான்.

மெர்சி பெயரையா சொல்ல முடியும்? உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் போட்டேன். முட்டிவலி அவளுக்கு, வெளியே எங்கும் போவதில்லை. "போடட்டும்டி. நீ அந்தப் பக்கம் வாக்கிங் வா, நான் மாடில நின்னு பாக்குறேன்" என்றாள்.

பார்க்கலாம்தான், கண்ணுக்கெட்டும் தூரம். ஆனால் அவள் வீட்டுக்குப் போக இப்போது நான் இரண்டு பஸ் மாற வேண்டும்.