இலையில் வைத்த பீர்

போன வாரம் ஒரு பீர் குடித்தேன். பட்டப்பகலில். வாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்...

'இந்த ஆளுக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா?' என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எனக்கு ரொம்ப வருஷப் பழக்கமான சண்முகவேல் அண்ணாச்சிக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம். தென்காசியில் என் வீட்டு ஊறுகாய் ஜாடி அவர் புண்ணியத்தில்தான் வருஷா வருஷம் நிறைகிறது. பீடி, பொடி, வெற்றிலை எதுவும் அவருக்குக் கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது ஊற்றிக்கொண்டு வந்தால் பக்கத்து இலையில் உட்காராமல் எழுந்து போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே பிள்ளை, கதிர். அவன் போய்ச் சேர்ந்த வேலை என்ன தெரியுமா? பெங்களூரில் பீர் காய்ச்சுவது!

படித்தது கெமிஸ்ட்ரி. கௌரவமான கம்பெனிதான். ஆனாலும் ஊரில் அண்ணாச்சி சொல்லி வைத்திருந்தது 'கூல்டிரிங்ஸ் கம்பெனி'. மகனிடம் சொன்னது வேறு. "சாராயம் காய்ச்சுதவனுக்கு எவம்லே பொண்ணு குடுப்பான்?"

போன வருஷம் சாரல் சமயத்தில் கதிர் லீவில் வந்தான். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே குற்றாலத்தில் இறங்கி எனக்கு போன் செய்தான். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ் ரூம். ஐஸ் பெட்டிக்குள் லேபிள் ஒட்டாத இரண்டு பாட்டில்கள்.

"மாமா, நானே யோசிச்சு நானே காய்ச்சினது. ஐ.பி.ஏ.ன்னு சொல்லுவாங்க, இந்தியா பேல் ஏல். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு."

"அப்பாவுக்கா? ஏலே, அரிவாளத் தூக்கிட்டுல்லா வருவாரு!"

"குடிக்க வேண்டாம் மாமா. மோந்து பாத்தாலே போதும். நம்ம தோட்டத்து எலுமிச்சைத் தோலு போட்டிருக்கேன். அவருக்குத் தெரிஞ்சிரும்."

நானும் சில பல பீர்களைப் பார்த்தவன்தான். அலட்சியமாக ஒரு வாய் இழுத்தேன். ஐயோ... நிலவேம்புக் கஷாயம்! டெங்கு சீசனில் வரிசையில் நிற்க வைத்து ஊற்றிக் கொடுப்பார்களே, அதே கசப்பு. என் முகம் போன போக்கைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கசப்ப விடுங்க மாமா. முழுங்கிட்டு மூக்கு வழியா மூச்ச விடுங்க."

விட்டேன். மாங்காய்க் காம்பை ஒடித்த வாசம். பின்னாலேயே நார்த்த இலை. எல்லாம் அடங்கிய பிறகு, எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் சுரீரென்று தெறிக்குமே, அது. அடுத்த வாயில் அந்தக் கசப்பையே நாக்கு தேட ஆரம்பித்துவிட்டது. ஆள் நல்ல ஸ்ட்ராங் வேறு. பாதி டம்ளரிலேயே என் காது மடல் சூடாகிவிட்டது. "அட்டகாசம்டா!" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பரீட்சையில் பாஸான பையன் கெட்டான்.

அப்போதுதான் அவன் ஒன்று சொன்னான். அந்தக் காலத்தில் கப்பலில் இந்தியாவுக்கு வரும் பீர் கெட்டுப்போகாமல் இருக்க, ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூவை அள்ளிப் போடுவார்களாம். பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டது அதனால்தானாம்.

"அப்போ வருஷக்கணக்கா வச்சிக் குடிக்கலாம்னு சொல்லு" என்றேன்.

"அந்தக் கதையெல்லாம் கப்பலோட போச்சு மாமா. இப்பம் பூவ வாசத்துக்குத்தான் போடுதோம். குளிர்ல வச்சி ரெண்டு மூணு மாசத்துக்குள்ள குடிச்சிரணும். சூடு பட்டுச்சுன்னா வாசம் ஓடியே போயிரும்."

அதற்குப் பிறகு நான் கதிரைப் பார்த்தது, கண்ணாடிப் பெட்டிக்குள். புரட்டாசியில், ஓசூர் தாண்டி ஒரு லாரி. அவன் பைக்கில் வந்தது தப்பா, லாரிக்காரன் திரும்பியது தப்பா... யாருக்கு இனி என்ன? அண்ணாச்சி அன்று அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

போன வாரம் வருஷத் திதி. அங்கேயெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்துப் படைப்பார்கள். சாமி கும்பிட்ட பிறகு வீட்டாள்கள் அதைப் பிரித்துச் சாப்பிட வேண்டும். வீணாக்கக் கூடாது. கதிர் இலையில் மட்டன் சுக்கா இருந்தது, பரோட்டா இருந்தது. நடுவில், மஞ்சள் தடவி, பொட்டு வைத்து... அந்த பாட்டில்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணாச்சி, இது இன்னுமா இருக்கு?"

"லீவுல வந்த அன்னைக்கு அவன் நீட்டினான். பிடுங்கிட்டு உடைக்கத்தான் போனேன். கை வரல. மோட்டார் ரூம்ல உரச்சாக்குக்குப் பின்னால தூக்கிப் போட்டேன். அவன் போன பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. வருசத்துக்கு இலையில வைக்கணும்னு அங்கனயே பத்திரமா விட்டுட்டேன்."

மோட்டார் ரூம் எனக்குத் தெரியும். தகரக் கூரை. சித்திரை மாதம் உள்ளே போனால் ஆள் வெந்துவிடுவான்.

கும்பிட்டு முடிந்ததும் அண்ணாச்சி பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். "எனக்கு இதப்பத்தி ஒரு எழவும் தெரியாது. நீங்க குடிச்சுட்டு சொல்லுங்க. எம் பிள்ள என்னத்தக் காய்ச்சினான்னு எனக்குத் தெரியணும்."

கதிரின் அம்மா சுவரோடு சாய்ந்து நின்றார். ஒரு வருஷத்தில் மதினிக்குப் பாதி உடம்பு காணோம்.

மூடியைத் திறந்தேன். நுரை வந்தது. ஒரு கணம் நம்பினேன்... டம்ளரில் பார்த்தால் நிறமே வேறு. குற்றாலத்தில் தேன் நிறம். இது பால் ஊற்றாத கட்டஞ்சாயா. முகர்ந்தேன். மழையில் நனைந்த அட்டைப் பெட்டி. குடித்தேன். முன்னால் வெல்லப்பாகு மாதிரி ஒரு பிசுபிசுத்த தித்திப்பு. பூ இல்லை, மாங்காய் இல்லை, எலுமிச்சை இல்லை. தொண்டையில் வெறும் கசப்பு மட்டும் போகாமல் நின்றது.

இதை அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. குற்றாலத்தில் குடித்ததைச் சொன்னேன். மாங்காய்க் காம்பு, நார்த்த இலை என்று ஒவ்வொன்றாக. "நம்ம தோட்டத்து எலுமிச்சைத் தோலு போட்டிருக்கான் அண்ணாச்சி. மோந்தாலே அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னு எங்கிட்ட சொன்னான்."

"ஒரு பை நிறைய தோலு கொண்டுட்டுப் போனான்... ஊறுகா போடத்தான்னுல்லா நெனச்சேன்" என்று மதினி வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணாச்சி கை நீட்டினார். கிளாஸ் வாசனைக்கே எழுந்து போகிற மனிதர், என் எச்சில் டம்ளரை வாங்கினார். மூக்குக்கிட்டே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். எலுமிச்சையிலேயே பிறந்து வளர்ந்த மூக்கிடம் போய் நான் பொய் சொல்லியிருக்கிறேன்!

"இல்லய்யா" என்றார் மெதுவாக. "எலுமிச்சை இதுல இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"போட்டது போயிருச்சா?"

"வெயில்ல போயிரும் அண்ணாச்சி. வந்த புதுசுலயே குடிச்சிரணும்."

"அன்னைக்கு அவன் நீட்டினப்போ... இருந்திருக்கும்லா?"

பொய் சொல்ல இரண்டாவது தடவை எனக்கு வாய் வரவில்லை.

"இருந்தது அண்ணாச்சி. நல்லாவே இருந்தது."

'சரி' என்பது போலத் தலையசைத்தார். டம்ளரில் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. இன்னும் ஊற்றச் சொல்லி அதையும் குடித்தார். பிறகு காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார் பாருங்கள்... போன வருஷம் அழாததையும் சேர்த்து.

உங்கள் பிள்ளை எதையாவது ஆசையாக நீட்டினால் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள் சார். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அது எத்தனை வருஷமானாலும் கெட்டுப்போகாது.