பாகற்காய்ச் சாறு பற்றிய என் மருத்துவ ஆலோசனை

இன்று நூலகத்துக்குள் என் போன் குத்துப்பாட்டு பாடியது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அது சின்ன வெட்கம்தான்.

வழியிலுள்ள இராணுவச் சோதனைச்சாவடி மூடுவதற்குள் மகளைக் கூட்டிவரப் போயிருந்தேன். டாக்குத்தராக ஆசைப்படும், ஆனால் டியூசனுக்கு வழியில்லாத பிள்ளைகளுக்கு அங்கே நூலகர் தகவல் தேடப் பழக்குகிறார். கிளிவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்றைய வேலை, வீட்டில் கேட்ட ஒரு மருத்துவக் கதை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பது.

என் மகள் எழும்பினாள்.

"பாகற்காய்ச் சாறு குடிச்சால் சீனி வருத்தத்துக்குக் குளிசை தேவையில்லையாம், மிஸ். புத்தகம் ஒண்டிலயும் இல்லை. இன்ரநெற்றில ஒராள்தான் எழுதியிருக்கிறார்."

"ஆர் பிள்ளை அது?"

"எங்கட அப்பா. இப்ப போன் பாடினதே, அவர்தான்."

நூலகர் சிரிக்கவில்லை. "இருங்கோ ஐயா. நீங்கள் இதை எங்க வாசிச்சனீங்கள்?"

"பஸ்ஸில ஒராள் சொன்னவர்" என்றேன்.

போன கிழமை நான் அதை இந்தப் பக்கத்தில் எழுதிப் போட்டபோது வாசித்த நீங்களும் ஆகா ஓகோ என்றீர்கள். யாராவது நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே டாக்குத்தரிடம் போங்கள். பிறகு வந்து கீழே என்னை ஏசுங்கள்.

நாளை காலை நான் மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். அவள் என்னை நம்பிக் குளிசையை நிறுத்திவிட்டாள். அதை மகள் நூலகத்தில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.