இருபத்து மூன்றாவது பிள்ளை

"…அதோடை அக்கா, எனக்கு அந்த நாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. மூண்டு வயசிலை வந்தனான். என்னை மட்டும் இதுக்குள்ளை இழுக்காதேங்கோ, சரியே?"

"சரி பிள்ளை, இழுக்க மாட்டன்" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை, நோர்வேயில் ரொம்சோஸ் என்ற இடத்துப் பள்ளிக்கூடமொன்றின் விறாந்தை அது. சுவர் முழுக்கப் பிள்ளைகளின் பனிக்காலச் சட்டைகள் தொங்கி, சொட்டுச் சொட்டாக நீர் வடித்துக்கொண்டிருந்தன. மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் எங்கள் பயிற்சி ஆசிரியை இருந்தார். அவர் கூப்பிடும்வரை நாங்கள் இருவரும், ஏழு வயதுக்காரருக்கென்று செய்த தணிந்த வாங்கில், முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் ஆசிரியப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. வயது முப்பத்தாறு. ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதக் கொடுத்துவைக்காதவள். நோர்வேஜிய மொழியை, முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது கிழவர்களின் வாயைப் பார்த்துத்தான் பிடித்தேன். அங்கே ஒருவர், காலையில் சட்டை போட்டுவிடப் போனால், "இன்றைக்கும் பத்திரிகையில் என் மரண அறிவித்தல் இல்லை. அப்ப கோப்பி கொண்டு வா" என்பார். இப்படிச் சொல்லும் ஆட்களிடம் மொழி படித்தால் எப்படி மறக்கும்?

"அக்கா, நீங்கள் நோர்ஸ்க் கதைக்கேக்கை எண்பது வயசுக் கிழவர் கதைக்கிற மாதிரி இருக்கு" என்று சிரிப்பாள், பக்கத்தில் இருந்த இந்தப் பெண். அவளுக்கு இருபத்தொன்று. இங்கேயே, ஹவுகெட்டோவில் வளர்ந்தவள். பயிற்சிக் காலத்தில் மாணவர்களைச் சோடி சோடியாகப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். என்னையும் அவளையும் சோடி சேர்த்திருந்தார்கள். நான் எழுதும் பாடத்திட்டங்களை இரயிலில் வரும்போதே திருத்திவிடுவாள். அவளுடைய பெறுபேறுகளில் ஒரு கீறல் கிடையாது.

எனக்குக் கீறல் இருந்தது. போன வருடப் பயிற்சியில் நான் சித்தியடையவில்லை. 'குரல் தணிவு. பிள்ளைகள் இவர் சொல்வதைக் கேட்பதில்லை' என்று எழுதியிருந்தார்கள். பொய்யில்லை. "உட்காருங்கோ" என்று நான் சொன்னால் பாதிப் பேர் உட்காருவார்கள், மிச்சப் பேர், "ஏன்?" என்று கேட்பார்கள். இரண்டாம் முறையும் விழுந்தால் படிப்பு அதோடு முடிந்தது, மூன்றாம் முறை என்று ஒன்று இல்லை.

அந்த வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் நாளிலிருந்தே நான் அவர்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். விளையாடப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம், கதை வாசிக்கும்போது பக்கம் புரட்டும் சாக்கில் ஒருதரம். பயிற்சி ஆசிரியை அதைக் கவனித்துவிட்டு, "நல்ல பழக்கம்" என்றார். அறுபதை நெருங்கும் பெண்மணி. எங்களுக்கு அறிவுரை சொல்லும்போதெல்லாம் மடியில் கம்பளி பின்னிக்கொண்டே சொல்வார். கண் எங்களில், கை ஊசியில்.

நல்ல பழக்கமில்லை அது. ஊரில் நான் இரண்டு வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். முப்பத்தொரு பிள்ளைகள். குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று எழுத்துக் கூட்டப் பழக்குவதற்கு முதலே பழக்கியிருந்தேன். வாங்குக்குக் கீழே குப்புறப் படுக்க வேண்டும், இரண்டு காதையும் பொத்த வேண்டும், பல்லுக்கிடையில் பென்சில் வைக்க வேண்டும். ஒரு நாள் பொம்மர் போன பிறகு எண்ணினேன். முப்பது. திரும்ப எண்ணினேன். முப்பது. ஒரு பெண்பிள்ளை எழும்பி ஓடியிருக்கிறாள். பாடம் பாதியில் நடந்துகொண்டிருக்கும்போதும் கை உயர்த்தி, "ரீச்சர், இண்டைக்கு என்ன பாடம்?" என்று கேட்பவள். தேடிப்போக முதல் எல்லோரும் இடம்பெயர வேண்டி வந்தது. பிறகு கண்ட ஆட்களிடமெல்லாம் கேட்டேன். அந்தக் குடும்பம் வன்னிக்குப் போனதாக ஒருவர் சொன்னார். கனடாவில் கண்டதாக ஒருவர். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார்.

அதுதான் நான் எண்ணுவது.

அதே வாரத்தின் செவ்வாய்க்கிழமை, கணக்குப் பாடம். ஆசிரியை படியெடுக்கப் போயிருந்தார். நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன், என் சோடிக்காரி யன்னலோர மேசையில் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தது. மணி என்றால் மணியில்லை. அடியிலிருந்து ஊளையாகக் கிளம்பி ஏறிக்கொண்டு போகும் சத்தம். எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குத் தெரியும். கதிரையைத் தள்ளி, கைகோத்து, கதவடியில் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"கீழே!" என்று நான் கத்தினேன். "கதவைத் திறக்க வேண்டாம்! மேசைக்குக் கீழே! குப்புற!"

அந்தக் குரல் எங்கே இருந்ததென்று எனக்குத் தெரியாது. எப்போதும் ஏன் என்று கேட்கும் பிள்ளைகள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு பேரும் படுத்தார்கள். காதைப் பொத்திக் காட்டினேன், பொத்தினார்கள். நானும் நிலத்தில் கிடந்தபடி எண்ணத் தொடங்கினேன். மேசைகளின் கால்களுக்கிடையில் பொன்னிறத் தலைகள், கறுத்த தலைகள்.

இருபத்து மூன்று.

திரும்ப எண்ணினேன். இருபத்து மூன்று. சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து, இவ்வளவு தூரம், பனிக்குள்ளால் நடந்து வந்து வரிசையில் படுத்திருக்கிறாள். யார் என்று பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். யன்னலோர மேசைக்குக் கீழே, நீண்ட கால்களை மடிக்க இடமில்லாமல், நாடி நிலத்தில் பட என் சோடிக்காரி கிடந்தாள். இரண்டு காதும் பொத்தியிருந்தாள். பல்லுக்கிடையில் பென்சில்.

பென்சிலைப் பற்றி நான் அந்த வகுப்பில் வாயே திறக்கவில்லை.

சத்தம் நின்றதும் முதலில் எழும்பியவளும் அவள்தான். காற்சட்டையைத் தட்டினாள். ஒன்றும் நடக்காதவள் போல, "வாங்கோ பிள்ளைகள், இனி வெளியே போவம்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லி, வரிசையை நடத்திக்கொண்டு போனாள். முற்றத்தில் முழுப் பள்ளிக்கூடமும் பனியில் நின்று எங்களைப் பார்த்தது. ஆசிரியை கையில் பெயர்ப்பட்டியலுடன் நின்றார். அவருடைய உதடு நீலம் பாய்ந்திருந்தது. குளிரால் என்று அப்போது நினைத்தேன்.

அன்று நிலத்தடி இரயிலுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள்: "அந்தப் பென்சில் ஏன் அக்கா?"

"குண்டு விழுந்து அதிரேக்கை நாக்கைக் கடிச்சுப் போடக் கூடாதெண்டு."

"அம்மா எனக்கு ஒண்டுமே சொன்னதில்லை" என்றாள். பிறகு கோபமாக, "எனக்குத் தெரியாத ஒண்டை என்ரை பல்லுக்கு எப்பிடி அக்கா தெரியும்?"

வண்டி வந்தது, ஏறினோம். அவள் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள்.

இன்றைக்கு நான் இதே பகுதியில் வேறொரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிப்பிக்கிறேன். ஒத்திகை நாளில் முன்னால் நடந்து போய் முற்றத்தில் எண்ணுகிறேன். கணக்குச் சரியாக வந்தால் மற்ற ஆசிரியர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்த நேரத்தில்தான் உடம்பு குளிரும். சரியாக வந்தால் அந்த முப்பத்தோராவது பிள்ளை இன்றைக்கும் வரவில்லை என்று அர்த்தம்.

அந்த வியாழக்கிழமை, நாங்கள் விறாந்தையில் காத்திருந்த கதவு திறந்தது. ஆசிரியை எங்களை உள்ளே கூப்பிட்டார். மடியில் கம்பளி இல்லை. மேசையில் ஒரு கோப்பு மட்டும் இருந்தது.

"ஒரு அப்பா தொலைபேசி எடுத்தார்" என்றார். "மகன் சாப்பாட்டு மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறானாம். எழும்பச் சொன்னால், எண்ணி முடியட்டும் என்கிறானாம். என்ன நடந்தது?"

நான் சொன்னேன். ஊரைப் பற்றிச் சொல்லவில்லை, மணிச் சத்தத்துக்குப் பதறிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். கிழவர்களிடம் படித்த மொழியில் பதற்றத்துக்கு நல்ல சொற்கள் இருந்தன.

அவர் கோப்பைத் திறந்து ஒரு பத்திரத்தை எடுத்தார். அதற்குப் பெயர் சந்தேக அறிவித்தல். பிள்ளைகளோடு பழக இந்த மாணவி தகுதியானவள்தானா என்ற சந்தேகத்தைக் கல்லூரிக்கு எழுதி அனுப்புவது. சித்தியடையாமல் போவதைவிடப் பாரதூரமானது. இங்கே விழுந்தவள் வேறொரு கல்லூரியில் திரும்ப முயலலாம். இது பின்னாலேயே வரும்.

"உண்மையான நெருப்பாக இருந்திருந்தால்?" என்றார். கடுமையாகக் கேட்கவில்லை. கடுமையாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "இதை எழுதாமல் விட எனக்கு வழியில்லை. புரிகிறதா?"

"புரிகிறது."

"நீங்கள் இருவர் இருந்தீர்கள். ஒருவர் பதறினால் மற்றவர் கதவைத் திறக்க வேண்டும். அதற்குத்தான் சோடி." அவளைப் பார்த்தார். "அந்த நேரம் நீ எங்கே?"

அவள் வாய் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன். "ஒரு பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வந்த உடனே அவள்தான் எல்லோரையும் வெளியே கொண்டுபோனாள்."

நல்ல பொய். பாதி உண்மையும் கலந்தது. ஆசிரியை தலையாட்டி, அந்த வசனத்தை அப்படியே எழுதத் தொடங்கினார். நான் மேசைக்குக் கீழே அவளுடைய கையைத் தேடினேன். பயப்படாதே, இனி உனக்கொன்றும் இல்லை என்று சொல்ல. கை அங்கே இல்லை.

அவள் எழுந்து நின்றிருந்தாள். "அது உண்மையில்லை" என்றாள். "நான் வகுப்புக்குள்தான் இருந்தேன். யன்னலடியில், மேசைக்குக் கீழே. இவர் சொல்ல முதலே படுத்துவிட்டேன்."

ஆசிரியையின் பேனா நின்றது. அவள் மேசைக்கு மேலால் எட்டி, திறந்திருந்த கோப்புக்குள்ளிருந்து இன்னொரு வெறும் பத்திரத்தை உருவினாள். கதிரையை இழுத்து என்னோடு ஒட்டப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு தன் பையைத் திறந்து ஒரு பேனாவை எடுத்து, 'மாணவியின் பெயர்' என்ற முதல் கோட்டில் தன் பெயரை எழுதினாள்.