தரையைக் காட்டாத போன்

மழை பிடித்தால் போதும், நான் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டுவிடுகிறேன் என்று நீங்கள் இருவரும் சிரிப்பது எனக்குத் தெரியும். பட்டறை இருக்கிற திருமுடிவாக்கம் என்ன வெளிநாடா, அப்பா ஏன் இப்படிப் பதறுகிறார் என்று கேலி செய்கிறீர்கள். நேரில் சொல்ல வந்தால் உங்கள் அம்மா பேச்சை மாற்றிவிடுகிறாள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் நான் வெல்டராக இருந்தபோது எங்கள் ஃபோர்மேன் ஒரு மலேசியத் தமிழர். ஜொகூரில் வீடு. தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருவார். ஒரு நாள், "ஞாயித்துக்கிழமை வாங்க லா, என் வீட்டுல பசியாறிட்டு கடல் பக்கம் போய்ட்டு வரலாம்" என்று என்னையும், என் அறையில் இருந்த பல்லாவரத்துக்காரரையும் கூப்பிட்டார். பசியாறுவது என்றால் அங்கே காலை டிபன்; 'லா' அவர்கள் பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்வது.

சனிக்கிழமை இரவு உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க. அங்க போனதுலேர்ந்து ரூமும் வேலையும்தானே" என்றாள். அங்கே மழையா என்று கேட்டேன். "தூறல்தாங்க" என்றாள்.

காலையில் பஸ்ஸில் பாலத்தைக் கடந்தோம். இந்தப் பக்கம் ஒரு முத்திரை, அந்தப் பக்கம் ஒரு முத்திரை, அவ்வளவுதான், வேறு நாடு. ஃபோர்மேன் காருடன் நின்றிருந்தார். அவர் வீட்டில் இட்லியும் மீன் குழம்பும் சாப்பிட்டோம். பிறகு ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. ஜன்னலை இறக்கிவிட்டு, கையை வெளியே நீட்டிக்கொண்டு போனேன். அந்த வயதில் செய்கிற காரியமா அது? ஆனால் செய்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதை மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர். கோவளம் மாதிரி படகும் மீன் நாற்றமும் உண்டு, மணல் மட்டும் இல்லை. வீடுகள் எல்லாம் கடலுக்குள்ளேயே மரக்கால்களின் மேல் நின்றன. வீட்டுக்கு வீடு பலகைப் பாலம். அடியில் அலை.

"இன்னா மச்சான், தண்ணி மேல வூடு கட்டிக்கினு கீறாங்க" என்றார் பல்லாவரத்துக்காரர். "நம்ம ஊர்ல ஏரிக்குள்ள கட்டல? இவங்க கால் வச்சுக் கட்டிருக்காங்க, அதான் வித்தியாசம்" என்றேன். மூவரும் சிரித்தோம்.

இதை உங்களுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று தோன்றியது. என் சிம் அங்கே வேலை செய்யவில்லை. ஃபோர்மேன் தன் போனிலிருந்து நெட் கொடுத்தார். கால் போட்டேன். நீங்கள் இருவரும் அம்மாவும் ஒருவர் கன்னத்தில் ஒருவர் ஒட்டிக்கொண்டு தெரிந்தீர்கள். முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"என்ன, மூஞ்சியை மட்டும் காட்டுறீங்க? சர்ச்சுக்குப் போகலையா?"

"இன்னைக்குப் போகலங்க" என்றாள் அம்மா. காய்ச்சலோடுகூட ஞாயிறு பூசைக்குப் போகிறவள் அவள். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

நான் கேமராவைத் திருப்பி, பலகைப் பாலத்தில் நடந்துகொண்டே காட்டினேன். வீடு, படகு, கருவாடு, ஒரு பூனை. பாப்பா, நீ சொன்னாய்: "அப்பா, நம்ம வீடு மாதிரியே இருக்கு."

உடனே அம்மா உன் வாயைப் பொத்தினாள். நீ விளையாட்டாகச் சொன்னாய் என்று நினைத்து நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.

"போன்ல சார்ஜ் கொஞ்சம்தாங்க இருக்கு" என்றாள்.

"போட வேண்டியதுதானே. நான் என்ன தினமுமா இங்க வரேன்?"

அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. நண்டு விற்கிற கடைவரை போய்க் காட்டினேன். நடுவில் அந்தப் பக்கம் கால் அறுந்துவிட்டது. அம்மா வேண்டுமென்றே வைத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். அறைக்குத் திரும்பும்வரை அந்தக் கோபத்தோடேயே வந்தேன். மறுநாள் இரவு, அவள் மறுபடி எடுத்தபோது, "நான் கொஞ்சம் வெளியே போனது உனக்குப் பொறுக்கலை" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதற்கும் அவள், "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள்.

அடுத்த கோடையில் லீவில் வந்தபோது, தம்பி, உன் பந்து பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. எடுக்கலாம் என்று பீரோவை நகர்த்தினேன். அதன் கால்கள் துருவேறிப் பொருக்கு பொருக்காக உதிர்ந்தன. இரும்பிலேயே பிழைக்கிறவன் நான். அது பழசானதால் வந்த துரு இல்லை, தண்ணீரில் நின்ற துரு. பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மற்ற சுவர்களை எல்லாம் அம்மா தேய்த்துக் கழுவியிருந்தாள். பீரோவை அவளால் நகர்த்த முடியவில்லை.

"ஏரித் தண்ணி வந்துச்சுப்பா, நீங்க மலேசியா போனப்போ" என்றாய் நீ, பந்தைத் தட்டிக்கொண்டே. "கரண்ட் இல்ல. கட்டில் மேல ஏறி உக்காந்துதான் உங்க போனைப் பார்த்தோம்."

அம்மாவைப் பார்த்தேன். "ஏன் சொல்லலை?"

"சொன்னா? நீந்தி வந்திருப்பீங்களா?" என்றாள். "ஒரு நாள் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அதுல தண்ணியை ஊத்தணுமா?"

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். சுற்றிலும் தண்ணீர் நிற்கக் கட்டிலில் இருந்த பிள்ளைகளுக்கு நான் தண்ணீரை வேடிக்கை காட்டியிருக்கிறேன். மிச்சமிருந்த சார்ஜையும் நண்டு காட்டித் தீர்த்திருக்கிறேன். அன்று யாருக்காவது அவசரமாகக் கூப்பிட வேண்டி வந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

வேலை ஒப்பந்தம் முடிந்ததும் நான் திரும்பப் போகாததற்கு அந்தச் சேற்றுக் கோடுதான் காரணம். இங்கே சம்பளம் பத்தவில்லை என்று நீங்கள் முனகுவதும் காதில் விழுகிறது. விழட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பா சிரிக்கிறார் என்பதற்காக எதையும் என்னிடம் மறைக்காதீர்கள்.

போன வாரம் மழை வலுத்தபோது பட்டறையிலிருந்து கூப்பிட்டேன். பாப்பா, நீ போனை எடுத்ததும் திரையில் உன் முகம் வரவில்லை. முதலில் தரை வந்தது. பிறகு வாசல். பிறகு, நான் செங்கல் வைத்து உயர்த்திய பீரோவின் கால்கள். "காஞ்சுதான் இருக்குப்பா, நல்லா பாத்துக்கோங்க" என்றாய், பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி. உன்னை இதற்குப் பழக்கியது நான்தான்.

பார்த்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தது.

"சரி," என்றேன். "இப்ப உன் மூஞ்சியைக் காட்டு."