பெட்டி அனுப்பியவன்

சிரில் எப்படிச் செத்தான் என்று இன்னொரு முறை சொல்ல முடியாது என்றாள் ஃப்ளோரா.

ஆண்டர்சன்பேட்டையில் பேக்கரிக்கு மேலே உள்ள அறை. ஏழைகளுக்காகக் காசு வாங்காமல் வழக்கு நடத்தும் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதன் அறை அது. பெண்களுக்கான சங்கம் அவளைத் தொழிலாளர் சங்கத்துக்கு அனுப்பியது. அவர்கள் துப்புரவுத் தொழிலாளர்களுக்கான சங்கத்துக்கு அனுப்பினார்கள். எல்லாரும் டீ கொடுத்தார்கள். எல்லாரும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். சொல்லச் சொல்ல அது வேறு யாருடைய புருஷனோ செத்த கதை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

இப்போது மேசைமேல் சாய்த்து வைத்த செல்போனில் பெங்களூரு வழக்கறிஞர் அக்ஷயாவின் முகம். ஃப்ளோராவுக்குப் பக்கத்தில் லவினா. லவினா ஊரிகத்துப் பெண். கூட்டமைப்புக்காகச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் லைன் லைனாக அலைகிறவள்.

"நீயே சொல்லு லவினா. என் புருஷன் கதைய என்னவிட நீதான் நல்லா சொல்ற."

லவினா சொன்னாள். பேத்தமங்களா ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம். கக்கூஸ் குழி நிரம்பி வழிந்தது. லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டிய குழி. கன்ட்ராக்டர் ரகு லாரிக்குப் பதில் சிரிலையும் சைலஸையும் கூட்டிப் போனான். சிரில் இறங்கினான். சைலஸ் மேலே கயிறு பிடித்தான். உள்ளே விஷவாயு. கயிறு கனத்தது. சைலஸ் இப்போது ஊரில் இல்லை. ஓசூர் என்கிறார்கள்.

போலீசுக்குப் போனீர்களா என்று அக்ஷயா கேட்டாள். இல்லை. போஸ்ட்மார்ட்டம்? இல்லை. அன்று சாயங்காலமே அடக்கம். ஏன் என்று கேட்டாள்.

"பெட்டி வந்துச்சு மேடம்," என்றாள் ஃப்ளோரா.

அக்ஷயாவுக்குப் புரியவில்லை. லவினாவுக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஃப்ளோராவின் அப்பா தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். பாறை சரிந்து அவர் செத்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டுக்கு ஓடி வந்தால் கம்பெனி லாரி நின்றிருந்தது. லாரியில் கம்பெனித் தச்சர்கள் செய்த சவப்பெட்டி. பின்னாலேயே டாக்டர் சர்டிபிகேட், குழி வெட்ட ஆள், பாண்டு வாத்தியம். அம்மா எந்த ஆபீசுக்கும் போகவில்லை. எதிலும் கைநாட்டு வைக்கவில்லை. கம்பெனி பெட்டி வந்தால் அது கம்பெனிச் சாவு. குடித்துவிட்டு வீட்டில் விழுந்து செத்தவனுக்குப் பெட்டி வராது. லாரி எந்த வாசலில் நிற்கிறது என்று லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். பெட்டியை இறக்கிய பிறகு அந்த வீட்டில் அழுதார்கள், ஆனால் பயப்படவில்லை. ஃப்ளோராவின் அம்மாவுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது.

சுரங்கத்தை மூடி ஒரு தலைமுறை ஆகிறது. சிரில் செத்த அன்று ஃப்ளோராவின் வாசலில் ரகுவின் டெம்போ வந்து நின்றது. உள்ளே சிரில், பெட்டியில். செய்தியே பெட்டியோடுதான் வந்தது. வார்னிஷ் அடித்த பெட்டி, தங்க நிறக் கைப்பிடி. மூடியில் கால் பக்கம் ஒரு தகடு: உபயம், ரகு கன்ட்ராக்டர். வார்டு எலெக்ஷனில் நிற்கப் போகிறவன் அவன். பஸ் ஸ்டாப் பெஞ்சு, சர்ச் மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றிலும் அவன் பேர் உண்டு. சவப்பெட்டி ஒன்றுதான் பாக்கியிருந்தது. அதைக்கூட யாரும் தப்பாக நினைக்கவில்லை. பேரோடு அனுப்பியிருக்கிறானே, ஒத்துக்கொண்டான் என்றார்கள். ரகு கல்லறை வரை நடந்து வந்தான். ஒரு பிடி மண்ணும் போட்டான்.

வேலை செய்யும்போது செத்தான் என்று ரகுவிடம் எழுதி வாங்கப் போனாள் ஃப்ளோரா. ரகு அவளுக்கு நாற்காலி போடச் சொன்னான்.

"சிரிலு எங்கிட்ட இன்னா வேலை செஞ்சான்? ஹார்ட் அட்டாக்குமா. பாவம்னு ஒரு பெட்டி வாங்கிக் குடுத்தேன். அது தப்பா?"

அவள் உட்காராமல் வந்துவிட்டாள்.

அக்ஷயா இதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பெட்டியை வாங்கும் முன் யாராவது ஒருவர் யோசித்திருக்கலாமே என்றாள். கடிந்துகொள்ளும் குரலில்லை, அலுப்புதான். ஃப்ளோரா செல்போனைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"எங்க ஜனத்துக்கு மூளை இல்லன்னு நெனச்சிகினீங்களா மேடம்? எங்க தாத்தாவுக்குப் பெட்டி வந்துச்சு. அப்பாவுக்கு வந்துச்சு. பெட்டி எப்பவும் பொய் சொன்னதில்ல. இவன்தான் பொய்ப் பெட்டி அனுப்புனான். அவனைக் கேளுங்க, யோசிச்சியாடான்னு."

அக்ஷயா மன்னிப்புக் கேட்டாள். வேறு சங்கத்துக்கு அனுப்பவில்லை. தானே நோட்டீஸ் அனுப்பினாள்.

ரகுவின் வக்கீல் பதில் போட்டார். சம்பவ நாளில் தன் கட்சிக்காரர் ஊரிலேயே இல்லை, பெட்டி சர்ச் சபை வாங்கியது என்று. சபைப் பெட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரி: கறுப்புத் துணி சுற்றி, வெள்ளை நாடாவில் சிலுவை. வார்னிஷ் பெட்டியைப் பார்த்தவர்கள் லைனில் எல்லாரும்தான். கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்று லவினா வீடு வீடாகக் கேட்டாள். ஒருவருக்கு ஷிப்டு இருந்தது, ஒருவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

இனித் தோண்டி எடுப்பது ஒன்றுதான் வழி என்றாள் அக்ஷயா. உடலைப் பரிசோதிக்கலாம், பெட்டியும் வெளியே வரும்.

சபை மூப்பர் நோயல் வீட்டுக்கு வந்தார். கல்லறையைக் கிளறுவது நம் ஜனத்தில் இல்லாத வழக்கம் என்றார். சிரிலின் ஆத்துமா இளைப்பாறட்டும் என்றார்.

"ஆத்துமா இளைப்பாறுது," என்றாள் ஃப்ளோரா. "ரகுவும் இளைப்பாறுறான். நான்தான் காலையில ட்ரெயின் புடிச்சி பெங்களூர்ல ஆபீசு கக்கூஸ் கழுவிகினு கீறேன். டீ குடிக்கிறீங்களா?"

அவர் குடிக்கவில்லை.

உத்தரவு வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. தாசில்தார், டாக்டர், போலீஸ், குழி வெட்டும் ஆட்கள் எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்கள். அக்ஷயா முதல் ரயிலில் வந்து இறங்கினாள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று சாம்பல் நிறத் தூசியைக் கொண்டுவந்து எல்லார்மேலும் போட்டது. டாக்டர் தார்ப்பாய்க்குப் பின்னால் வேலை செய்தார். ஃப்ளோரா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வெளியே எடுத்து வைத்த பெட்டியில் வார்னிஷ் போய், மூடி உப்பியிருந்தது. தகடு அப்படியே இருந்தது.

டாக்டர் முடித்ததும், நடந்ததை எழுதிய மகஜரைக் கிளார்க் கன்னடத்தில் படித்தார். ஃப்ளோராவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். கல்லறையின் இடம், உடலின் நிலை, எடுத்த மாதிரிகள். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்ஷயா எதிர்த்துப் பேசினாள். தனக்கு வந்த உத்தரவு உடலைப் பற்றியது, மரச்சாமானைப் பற்றியது அல்ல என்றார் தாசில்தார். வெயில் ஏறுகிறது, இறக்குங்கள் என்றார்.

ஃப்ளோரா செருப்பைக் கழற்றினாள். குழிக்குள் இறங்கி உட்கார்ந்தாள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. லவினா ஆன்ட்டி, ஆன்ட்டி என்று விளிம்பில் மண்டியிட்டாள். அவளைத் தூக்கச் சொன்னார்கள். பெண் போலீஸ் வந்திருக்கவில்லை. குழி வெட்டுகிறவர்கள் கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள்.

"சார்," என்றாள் ஃப்ளோரா, உள்ளேயிருந்து, சத்தம் போடாமல். "எம்புருஷன் குழியில கெடந்தப்ப யாரும் எழுதல. இப்ப நான் கீறேன். எழுதுங்க. இல்லன்னா மண்ணைத் தள்ளுங்க."

தாசில்தார் அக்ஷயாவைப் பார்த்தார். பிறகு சபைக்காரர்கள் நின்ற பக்கம் பார்த்தார். நோயல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது சபைப் பெட்டி இல்லை சார் என்றார். யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

கிளார்க் எழுதினார். தகட்டில் இருந்ததை லவினா உரக்கப் படித்தாள். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள் ஃப்ளோரா. பிறகு கையை நீட்டினாள். அக்ஷயா பிடித்துத் தூக்கினாள்.

தகட்டைக் கழற்றித் துணியில் சுற்றி அரக்கு சீல் வைத்தார்கள். சபையிலிருந்து கறுப்புத் துணிப் பெட்டி கொண்டுவரட்டுமா என்று நோயல் கேட்டார். வரட்டும் என்றாள் ஃப்ளோரா. வரும்வரை எல்லாரும் வெயிலில் நின்றார்கள்.

வழக்கு நடக்கிறது. ரகு எலெக்ஷனில் ஜெயித்துவிட்டான். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், பஸ் ஸ்டாப்பில் அவன் பேர் போட்ட பெஞ்சு இருக்கிறது. விடியற்காலையில் ஃப்ளோரா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். வேலைக்குப் போகும் மற்ற பெண்கள் உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். இப்போது அவர்களிலும் சிலர் நிற்கிறார்கள்.