காற்று நாள் யாருடையது

சண்டை போடும் ஊர்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குவதுதான் என் உத்தியோகம். போன வருஷம் வெளிநாட்டில் ஓர் ஏரி. மீன் பிடிக்கும் இடத்துக்காக இரண்டு கரையும் வெட்டிக்கொண்டு கிடந்தன. நான் எங்கள் பழவேற்காட்டுப் பாடு முறையைச் சொன்னேன். சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர்கள் வலை, நாளைக்கு அவர்கள் வலை என்று முறை வைத்துக்கொள்வது. ஒத்துக்கொண்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

லீவில் என் ஊரான தோணிரேவுக்கு வந்திருந்தபோது, ஒரு காலையில் அந்த ஏரிக்கரையிலிருந்து சக அதிகாரி போன் செய்தார். மேற்குக் கரையின் முறையன்று பேய்க்காற்று. அவர்கள் மறுநாள் ஏரியில் இறங்கியிருக்கிறார்கள். அது கிழக்குக் கரையின் நாள். கிழக்குக் கரையார் இரண்டு பேரைப் பிடித்துக் கட்டி வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் வழி பிறக்காவிட்டால் மேற்குக் கரையார் ஆயுதத்தோடு கிளம்புவார்களாம். ஒப்பந்தத்தில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை. எழுதியவள் நான்.

எங்கள் நைனா, அதாவது அப்பா, வீட்டுக்கு வந்து, இன்னைக்கு நம்ம மொற என்று சொன்னதுதான் நான் பாடு பற்றி அறிந்தது. சீட்டுப் போடும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. மிச்சத்தையும் தெரிந்தவள் மாதிரி எழுதித் தொலைத்திருந்தேன்.

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த தம்பியிடம் ஓடினேன். ஊரான் ஊருக்குப் போய் அரைகுறையாகவா சொல்லிக்கொடுத்தாய் என்று சிரித்தான். கட்டிவைத்த இருவரைப் பற்றிச் சொன்னதும் வலையைக் கீழே வைத்தான்.

"காத்து நாளு யார் நாளும் இல்லக்கா. காத்து நின்ன மொத நாளு, மொறைய வுட்டவனுக்குத்தான். மத்தவங்களுக்கு ஒவ்வொரு நாள் தள்ளிப் போவும், அவ்ளோதான்."

அப்படியே போனில் சொன்னேன். கிழக்குக் கரையார் நெடுநேரம் தங்களுக்குள் பேசினார்களாம். நாளைக்கு நமக்கும் காற்று அடிக்கும் என்று அவர்களில் ஒருவர் சொன்ன பிறகுதான் கட்டை அவிழ்த்தார்கள். மதியம் எனக்குப் படம் வந்தது. இருவரும் தங்கள் படகில், ஒருவன் வாயில் சிகரெட்டோடு. அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு, அதுவரை தொடாத நண்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிக் காற்று நாள் விதியை எழுதினேன். அதன் கீழே இன்னொன்றும் எழுதினேன்: சீட்டுப் போடும்போது இரண்டு ஊர்ப் பெண்களும் கூட உட்கார வேண்டும். தம்பி என்னவென்று கேட்டான். வாசித்துக் காட்டினேன். வலையை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"நம்மூரு அடுத்த சீட்டுக்கு லீவு போட்டுனு வந்துரு அக்கா," என்றான். "ஊர்ல நான் சொல்லி வக்கிறேன்."