அக்காவின் ஈரலுக்குள் போன காவல்

தொண்ணூறுகளின் கடைசியில் அக்காவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி கண்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மும்முரமாக வந்துகொண்டிருந்த காலம். வேலைக்குப் போகிற நாளுக்குத்தான் பேர் விழும்; பேர் விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அக்காவுக்கு ஒரு பேரைக்கூட விட மனம் வராது. கன்னத்தைத் துணியால் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அதே நிரையில் நானும் கொழுந்து எடுத்தேன்.

எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தில் மருந்தை யாரும் தமக்கென்று வைத்துக்கொள்வதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்ததில் மிஞ்சியது, டவுன் கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டார் தந்தது எல்லாம் பேரில்லாத கடதாசிச் சுருளில் கைமாறும். வட்ட வெள்ளை காய்ச்சலுக்கு, நீட்டு வெள்ளை உடம்பு வலிக்கு, மஞ்சள் சளிக்கு. நிறத்தையும் உருவத்தையும் வைத்துத்தான் மருந்தை அறிவோம். அக்கா வலி என்றபோதெல்லாம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தவள் நான். வேறு வேறு மருந்துதானே, ஒன்றும் செய்யாது என்று எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம். வலியில் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நான்காம் நாள் வாந்தி நிற்கவில்லை. கண் மஞ்சளாகிவிட்டது. கொழுந்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

வார்டில் இருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். என்ன குளிசை போட்டீர் என்று அக்காவைக் கேட்டார்.

"டிஸ்பென்சரில குடுத்த மாத்திரைதாங்க. மூணு நாளு போட்டேன்" என்றாள் அக்கா. நான் கொடுத்ததெல்லாம் டிஸ்பென்சரி மருந்து என்றே அவள் நினைத்திருந்தாள்.

நான் பின்னால் நின்றேன். கடைக்குப் போனாலும் எனக்குப் பதிலாக அக்காதான் பேசுவாள். டாக்டரம்மா ஏதோ எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். சாதாரண மஞ்சள் காமாலை என்று நினைத்துவிட்டார், இப்போது சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள் என்று தோன்றியது. வாய் வரவில்லை. அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"நான்தாங்க குடுத்தேன். நெறையக் குடுத்துட்டேங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். ஆஸ்பத்திரியில் பல் வலித்தால் கொடுக்கலாம் என்று மிச்ச மாத்திரைகளைக் கொண்டுவந்திருந்தேன். அவற்றில் அச்சிட்டிருந்த எழுத்துகளை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"மூண்டும் ஒரே மருந்து, பிள்ளை. நிறம்தான் வேற. எத்தினை குடுத்தனீர்?"

மொத்தக் கணக்கு உடனே வரவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரங்களை வைத்துச் சொன்னேன். காலை நிறுவைக்கு மூன்று, பகல் நிறுவைக்கு மூன்று, அந்தி நிறுவைக்கு மூன்று, படுக்கப் போகும்போது மூன்று. இப்படி மூன்று நாள். அவர் கணக்குப் போட்டார். முகம் மாறியது. ஆனால் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. உடனே மருந்தை மாற்றி எழுதினார்.

அந்த மருந்து கெட்டுப்போன முட்டை போல நாறும். நாலு மணித்தியாலத்துக்கு ஒரு முறை குடிக்கவேண்டும். சிங்களத் தாதி மிஸ்ஸி கோப்பையை நீட்டி "பொன்ன அக்கே, பொன்ன" என்று குடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்.

"இத நாயிகூட குடிக்காதுடி! தங்கச்சின்னு ஒன்னு வந்து வாய்ச்சிருக்கு பாரு" என்பாள் அக்கா, மூக்கைப் பொத்திக்கொண்டு.

பின்னேரம் வந்த டாக்டரம்மாவிடம் அக்கா பிழைப்பாளா என்று கேட்டேன். ரெண்டு நாளில்தான் தெரியும் என்றார். பிறகு, "எதுவரைக்கும் படிச்சனீர்?" என்றார்.

"ஓ.எல். வரைக்குங்க."

"அப்ப இழைமணி ஞாபகம் இருக்கோ?"

"கலத்துக்குச் சக்தி குடுக்கிறதுங்க."

அவர் சிரித்து, ஒரு கடதாசியில் நம் உடம்பைக் கட்டியிருக்கிற நுண்ணிய கலம் ஒன்றை வரைந்தார். உள்ளே அவரைக்கொட்டை போல ஓர் இழைமணி. அந்த மாத்திரையில் ஒரு பங்கு ஈரலில் நஞ்சாகுமாம். அதைப் பிடித்து அகற்றுகிற காவல் பொருள் ஒன்று நம் உடம்பிலேயே உண்டு. பேர் குளுட்டாத்தியோன். மாத்திரை கூடினால், அதிலும் பட்டினி கிடந்தால், காவல் தீர்ந்துபோகும். பிறகு நஞ்சு இழைமணியைத் தாக்கும். இழைமணியோ அந்தக் காவலைத் தானாகச் செய்துகொள்ளாது. வெளியே செய்ததுதான் உள்ளே வரவேண்டும். இந்த நாறுகிற மருந்து, காவலைச் செய்வதற்கான மூலப்பொருள்.

எனக்கு லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிரா நினைவுக்கு வந்தது. உள்ளே தண்ணீர் கிடையாது. வெளியே பீலிக் குழாயிலிருந்து குடத்தில் கொண்டுவந்தால்தான் உண்டு.

"அதுக்குள்ள எப்பிடிங்க போகும்?" என்று கேட்டேன். நானா கேட்டேன் என்று இன்றும் ஆச்சரியம்.

"ரெண்டு தோல் இருக்கு. வெளித்தோலிலை ஓட்டை இருக்கு, சுகமாப் போகும். உள்தோல் சும்மா விடாது. ஏதோ ஒண்டு ஏத்தி இறக்குது. அது எது எண்டு இன்னும் சரியாக் கண்டுபிடிக்கேல்லை."

படித்த ஒருவர் எனக்கு முன்னால் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நம்பினேன். கன காலத்துக்குப் பிறகு, ஏற்றி இறக்குகிற அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று என் மகள் வாசித்துச் சொன்னாள்.

ஒவ்வொரு கோப்பைக்கும் அக்காவின் தலையைத் தாங்கிப் பிடித்தேன். "உள்ள போவட்டும்க்கா, உள்ள போவட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வயிற்றுக்குள் போவதைச் சொல்கிறேன் என்று அக்கா நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலை இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்த டாக்டரம்மா, என் பக்கம் திரும்பி, "ஈரல் கணக்கு இறங்கத் துவங்கீட்டு" என்றார். ஒரு கிழமையில் கண் வெளுத்தது. அந்தப் பல்லையும் அங்கேயே பிடுங்கிவிட்டார்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நாளில் நன்றி சொல்வதற்காக வார்டு வாசலில் நின்றேன். சொற்களையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். டாக்டரம்மா வந்தார். "இனி எந்தக் குளிசையெண்டாலும் பேர் கேட்டு வாங்கும்" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்கா கட்டிலில் இருந்தபடியே சத்தம் போட்டாள்: "டாக்டரம்மா, இவ ஒங்களுக்கு நன்றி சொல்லத்தான் காலையில இருந்து நிக்கிறா. இதுக்கு வாய் தொறக்காதுங்க. ஒரே ஒரு தடவ தொறந்துச்சு, அதுல நான் பொழைச்சேன்."

வார்டே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். நான் கையை மட்டும் கூப்பினேன்.